துணி பறக்கிற மாடியும் பாயிண்ட் எட்டு வயரும்

புதுசாகக் கவுண்டரில் நிற்க வந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கடையில் கேட்டார்கள். தண்டையார்பேட்டையில் வெல்டிங் சாமான் கடையில் முப்பத்தோரு வருஷம் நின்றவன் நான். ராடு, வயர், கண்ணாடி, கையுறை என்று விற்றே கால் வீங்கிப்போனவன். எந்த வயர் எந்த இரும்புக்கு என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். அதை வேறு எழுதி உங்கள் உயிரை வாங்கமாட்டேன். நான் சொல்லப்போவது ஒரே ஒரு மத்தியானத்தைப் பற்றி.

இப்போது வீட்டுக்கு வீடு சின்ன வயர் மெஷின் வந்துவிட்டது. துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்து விசையை அழுத்தினால், சுருளிலிருந்து வயர் தானாக ஓடிவந்து நுனியில் உருகி இரும்போடு இரும்பை ஒட்டிவிடும். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வெல்டர் இல்லை. கேட்டுக்குக் கீல் வைக்க, மாடிப்படிக்குக் கைப்பிடி போட என்று ஆசைப்பட்டு வாங்கியவர்கள். மெஷினை எங்கிருந்தோ வரவழைத்துவிட்டு வயருக்கு மட்டும் நம்மிடம் வருவார்கள். வந்து, “வெல்டிங் வயர் குடுங்க” என்பார்கள். துணிக்கடையில் போய்த் “துணி குடுங்க” என்றால் எப்படி இருக்கும், அப்படி.

சேவியரும் அப்படித்தான் வந்தார். திருவொற்றியூர்க்காரர், கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவர், நாற்பது வயதிருக்கும். மெஷினைத் துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்தார். மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணி டேங்க் வைக்க ஆங்கிள் இரும்பில் ஸ்டாண்ட் செய்ய வேண்டுமாம். அவர் மனைவி அமலா வீட்டை ஒட்டி சிமெண்ட் ஷீட் இறக்கிய சாய்ப்பில் இரண்டு பெண்களோடு தையல் மெஷின் போட்டிருக்கிறார். மூன்று பேரும் தையலை விட்டுவிட்டு எந்நேரமும் குடம் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இந்த டேங்க் என்றார். ஸ்டாண்ட் நிற்கப்போவது மாடியின் மூலையில், கீழே அந்தச் சாய்ப்பு இருக்கிற ஓரத்தில். இதையும் அவர்தான் சொன்னார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேவியர் கேட்டது ஒண்ணு பாயிண்ட் ரெண்டு வயர், அதாவது அத்தனை எம்எம் தடிமன். தடிமனான வயர் போட்டால்தான் ஜாயிண்ட் பலமாக இருக்கும் என்று அவர் நினைப்பு. இது எல்லோருக்கும் இருக்கிற நினைப்புதான், உங்களிடமும் கேட்பார்கள். நான் விடவில்லை. வீட்டு லைனில் ஓடுகிற சின்ன மெஷின் அது. தடி வயரை முழுசாக உருக்க அதற்குச் சக்தி போதாது. சின்ன அடுப்பில் பெரிய விறகைத் திணித்தால் புகையுமே தவிர எரியாது, அந்த மாதிரி வயர் பாதி உருகி இரும்பின் மேலே சும்மா உட்கார்ந்துகொள்ளும், உள்ளே பிடிக்காது. அஞ்சு எம்எம் ஆங்கிளுக்கும் இந்த மெஷினுக்கும் பாயிண்ட் எட்டு வயர்தான் சரி என்று சொல்லிப் புரியவைத்தேன். சொன்னது சரிதான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

அடுத்தது என்ன ரகம் என்ற கேள்வி. இதில் இரண்டு உண்டு. ஒன்று வெறும் கம்பி. அதற்குப் பக்கத்தில் கேஸ் சிலிண்டர் வேண்டும், உருகின இரும்பைக் காற்று தொடாமல் அந்த கேஸ் போர்த்திக் காப்பாற்றும். இன்னொன்று வயிற்றுக்குள் மருந்துப்பொடி அடைத்த கம்பி, பொடி வயர் என்போம். அதற்கு கேஸ் வேண்டாம், பொடியே புகைந்து காவல் பார்த்துக்கொள்ளும். ஆனால் புகையும் பொறியும் ஜாஸ்தி, மேலே படிகிற கசடைத் தட்டி எடுக்க வேண்டும், பார்க்கவும் லட்சணமாக இருக்காது. புதுசாகக் கற்றுக்கொள்கிறவர் பயந்துபோய் மெஷினையே மூலையில் போட்டுவிடுவார் என்று நினைத்து, கேஸ் வயரையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சின்ன சிலிண்டர் அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

நம் கடையில் ஒரு பழக்கம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். வயரை விற்றுவிட்டு அப்படியே அனுப்பமாட்டோம். பின்னறைக்குக் கூட்டிப்போய் அவர்கள் மெஷினிலேயே மாட்டி, ஒரு துண்டு இரும்பில் வெல்டிங் வைத்துக் காட்டி அனுப்புவோம். சேவியருக்கும் காட்டினேன். முதலில் நான் ஒரு கோடு போட்டேன், அப்புறம் அவரையே போடச் சொன்னேன். நாலாவது கோட்டிலேயே கிரேன் ஓட்டுகிற கை நிதானமாகிவிட்டது. அவ்வளவு சுத்தமாக வந்தது. “ஷோக்கா கீதுண்ணா” என்று அந்தத் துண்டை ஆறவைத்துப் பையில் போட்டுக்கொண்டார், வீட்டில் காட்டுவதற்கு. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

டீ வந்தது. குடித்துக்கொண்டே சும்மா பேசினார். கடற்கரைக்கு அடுத்த தெரு, மத்தியானமானால் காற்று பிய்த்துக்கொண்டு போகும், மாடியில் துணி போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும், கிளிப் மாட்ட மறந்தால் சட்டை பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும், அவருடைய லுங்கி ஒன்று ஒரு தபா ஐஸ் கம்பெனிக் கூரையில் கிடந்தது என்றார். லுங்கிக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் வழியனுப்பினேன்.

எட்டு நாள் கழித்து, ஒரு மூன்று மணி இருக்கும், அவரிடமிருந்து போனுக்கு ஒரு படம் வந்தது. நீலப் பெயிண்ட் அடித்த ஸ்டாண்ட், மேலே கறுப்பு டேங்க், பக்கத்தில் இடுப்பில் கைவைத்தபடி சேவியர். கூடவே அவர் குரல்: கீழே செய்தால் மாடிப்படியில் திரும்பாது என்று இரும்பை மேலே ஏற்றி அங்கேயே வெல்டிங் வைத்தாராம், லீவு போட்டு ரெண்டு மத்தியானம் வேலை. அங்கங்கே ஊசி ஓட்டை விழுந்ததாம், லப்பம் பூசி மூடிவிட்டாராம். இப்போது டூட்டிக்குக் கிளம்பிவிட்டார். நாலு மணிக்குத் தண்ணி லாரி வந்ததும் அமலா மோட்டாரைப் போட்டு டேங்கை ரொப்பிவிடுவார். எல்லாம் உன் புண்ணியம்ணா என்று முடித்திருந்தார்.

கவுண்டரில் கூட்டம். குரலைக் கேட்டேனா என்றால் கேட்டேன், காதில்தான் ஏறவில்லை. படத்தை மட்டும் பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன். இருபது நிமிஷம் இப்படியே போனது. அப்புறம் இன்னொரு வாடிக்கையாளருக்கு வெல்டிங் வைத்துக்காட்டப் பின்னறைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல ஃபேன் சுவிட்சை அணைத்தேன். ஃபேன் ஓடினால் கேஸ் கலைந்துவிடும், இரும்பு பொத்தல் பொத்தலாக வரும் என்பதால் இந்தக் கடையில் யார் வெல்டிங் வைத்தாலும் முதலில் ஃபேனை நிறுத்துவார்கள். அது யோசித்துச் செய்கிறதில்லை, செருப்பைக் கழற்றுகிற மாதிரி கை தானாகச் செய்வது. அன்றைக்கு அந்தக் கை சுவிட்சிலேயே நின்றுவிட்டது.

போனை எடுத்துப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். சேவியருக்குப் பின்னால் கொடியில் இரண்டு புடவையும் ஒரு வேட்டியும். மூன்றும் தொங்கவில்லை, படுக்கைவாட்டில் பறந்துகொண்டிருந்தன.

அந்தக் காற்றில் சிலிண்டர் கேஸ் ஒரு நொடி நிற்காது. ஊசி ஓட்டை என்று அவர் சொன்னது மேலே தெரிந்ததை மட்டும்தான். உள்ளே எவ்வளவு இருக்குமோ தெரியாது. அதன்மேல் லப்பம், லப்பத்தின்மேல் பெயிண்ட். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன். அது சரிந்தால் விழுகிற இடத்தில், ஷீட்டுக்கு அடியில் மூன்று பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டிருப்பார்கள்.

சேவியருக்குப் போன் அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. யார்டுக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அமலாவின் நம்பர் என்னிடம் இல்லை. வீட்டு விலாசமும் இல்லை. இருந்ததெல்லாம் கடலுக்கு அடுத்த தெரு, பக்கத்தில் ஐஸ் கம்பெனி. அதுவும் லுங்கி தயவால்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்குள்ளேயே ஒருவன் வக்கீல் மாதிரி பேசினான். நீ கொடுத்த வயர் தப்பில்லை, சைஸ் தப்பில்லை, வெல்டிங் வைத்தது அவர், உனக்கென்ன என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம், ஏன் பொய் சொல்ல வேண்டும், ரெண்டு நிமிஷம்கூட கேட்டுக்கொண்டு நின்றேன். உங்களுக்கும் அவன் வருவான். அவன் பேச்சில் ஒரு தப்பும் இருக்காது, அதுதான் பயம்.

கல்லாவில் அண்ணாச்சி இருந்தார். கடை முதலாளி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். நான் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தினார். “வயர் சரியா தப்பான்னு பொறவு பேசிக்கிடலாம். நீ முதல்ல கெளம்பு” என்று தன் வண்டிச் சாவியைத் தந்தார். யார்டு கேட்டுக்கு யாரையாவது விட்டுச் சேவியருக்குத் தகவல் சொல்லத் தான் ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார்.

மூன்றே முக்கால். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுகொண்டிருந்தன. லாரிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் இருந்த சந்தில் வண்டியை விட்டேன். எதிரே ஒரு தண்ணி லாரி காலியாகத் திரும்பி வந்தது. அதையே திரும்பிப் பார்த்ததில் ஹேண்டில் ஒரு டயரில் உரசியது. அது அந்தத் தெருவுக்குப் போய்வந்த லாரியாகவே இருக்க வேண்டும் என்று மனசு அடித்துச் சொன்னது. இத்தனைக்கும் அந்த ரோட்டில் மணிக்கு இருபது தண்ணி லாரி போகும். பயந்தவன் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும்.

ஐஸ் கம்பெனியைக் கண்டுபிடித்ததும் வண்டியை நிறுத்தி மாடிகளைப் பார்த்தேன். இரண்டாவது தெருவில், வலது பக்கம், நீல ஸ்டாண்ட். ஓடினேன். ஐம்பத்தாறு வயதில் ஓடினேன் என்று சொல்வது எளிது. வீட்டு வாசலுக்கு வந்ததும் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது, சாய்ப்புக்குள்ளிருந்து தையல் மெஷின் சத்தமும் கேட்டது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என்னை அந்த அம்மாவுக்குத் தெரியாது. மூச்சிரைக்க ஒரு ஆள் உள்ளே வந்து மோட்டாரை நிறுத்து என்றால் யார் நிறுத்துவார்கள்? லாரித் தண்ணி நாலு நாளைக்கு ஒரு தடவை. உங்கள் வீட்டுக்காரர் வைத்த வெல்டிங் சரியில்லை என்று ஆரம்பித்தால் அவர் புருஷனுக்காகப் பேசுவார், நான் பதில் சொல்வேன், பத்து நிமிஷம் போகும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். வழியெல்லாம் வேறுவேறு பேச்சு யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

“வெல்டிங் கடைலர்ந்து வர்றேம்மா. உங்க வூட்டுக்காரருக்கு நாந்தான் தப்பான வயரக் குடுத்துட்டேன். டேங்கு விழுந்துடும். மூணு பேரும் வெளிய வந்துடுங்க.”

அமலா என்னை ஒரு தடவை பார்த்தார். மேலே ஒரு தடவை பார்த்தார். கையிலிருந்த ஜாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு மற்ற இருவரையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, வீட்டுக்குள் போய் மோட்டாரை அணைத்தார். தன் தப்பை முதல் வாக்கியத்தில் சொல்கிறவனை யாரும் குறுக்கே நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டதில் இது ஒன்று.

மோட்டார் நின்றதும் மேலே டேங்குக்குள் தண்ணி அசைகிற சத்தம் கேட்டது. பாதிக்கு மேல் ஏறியிருந்தது. அதற்குள் தெருவே கூடிவிட்டது. எதிர் வீட்டு ஆள் ஒருவர் நல்ல மனசோடு சவுக்குக் கட்டையைத் தூக்கிக்கொண்டு, மேலே போய் முட்டுக் கொடுத்துவிடலாம் என்று படியேறப் பார்த்தார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. எதையாவது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று கை பரபரக்கும். ஆனால் எந்த ஜாயிண்ட் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியாத ஸ்டாண்டில் கட்டையைக் கொடுத்து நெம்பினால், அதுவே அதைச் சாய்த்துவிடும். மேலே யாரும் போகக்கூடாது, பாரத்தைக் குறைப்பதுதான் வேலை என்று படியில் குறுக்கே நின்றேன். அவர் என்னைத் திட்டினார். திட்டட்டும் என்று நின்றேன்.

டேங்கிலிருந்து வரும் குழாய் சமையலறைக்கும் குளியலறைக்கும் போனது. இரண்டும் தளம் போட்ட பக்கம், சாய்ப்புக்கு எதிர்ப்புறம். இரண்டையும் திறக்கச் சொன்னேன். நான் வெறுமனே திறந்துவிடத்தான் நினைத்தேன். அமலா ஒத்துக்கொள்ளவில்லை. “தண்ணிய சாக்கடைல வுட்டா நாலு நாளு இன்னாண்ணா பண்றது?” என்று கேட்டுவிட்டுத் தெருவைப் பார்த்துக் கூப்பிட்டார். குடம், அண்டா, பக்கெட், குழந்தை குளிப்பாட்டுகிற தொட்டி என்று வரிசை வந்துவிட்டது. உள்ளே நாலு பெண்கள் பிடித்துக் கொடுக்க, வெளியே கைமாற்றிக்கொண்டு போனார்கள். யாரோ தமாஷாகப் பேசிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண் ஸ்டாண்டின் கால்களை விட்டு நகரவில்லை. நடுவில் ஒரு தடவை, கொட்டாங்குச்சி உடைகிற மாதிரி மேலே ஒரு சத்தம் வந்தது. டேங்க் அசையவில்லை. அதற்குள் குழாயடியில் ஒரு குடம் நிறைந்து வழிந்து தரையில் ஓடியது.

முக்கால் மணி நேரம் ஆயிற்று குழாயில் காற்று வர. நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

ஆறு மணிக்குத் தகவல் கிடைத்துச் சேவியர் வந்தார், யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. மனைவி நிற்கிறதைப் பார்த்த பிறகுதான் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் மாடிக்குப் போனோம். காலி டேங்கை இறக்கி வைத்துவிட்டு, சுத்தியலை அவர் கையிலேயே கொடுத்துக் குறுக்குச் சட்டம் காலோடு சேர்கிற இடத்தில் தட்டச் சொன்னேன். முதல் தட்டுக்கு லப்பம் உதிர்ந்தது. இரண்டாவது தட்டுக்குச் சட்டம் கழன்று கீழே தொங்கியது. உடைந்த வாயைப் பார்த்தால் ஆப்பத்தைப் பிய்த்த மாதிரி உள்ளெல்லாம் பொத்தல். இன்னொரு ஜாயிண்டில் முடி போல விரிசல், அது விட்டபோது வந்ததுதான் கீழே கேட்ட சத்தமாக இருக்க வேண்டும். சேவியர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே ஷீட்டைப் பார்த்தார். காற்று அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டார். “நா அன்னிக்கே சொன்னேனேண்ணா, துணி பறக்கும்னு.”

மெஷின் என்ன, இரும்பு எவ்வளவு கனம், கேஸ் இருக்கிறதா என்று நான் கேள்வி கேட்டபோது அவர் சொன்ன பதிலையெல்லாம் காது கொடுத்துக் கேட்டேன். நான் கேட்க மறந்த கேள்விக்கு டீ குடிக்கும்போது பதில் சொன்னார், அதைக் கதை என்று நினைத்துச் சிரித்தேன். ஃபேனை அணைக்கத் தெரிந்த எனக்கு, எங்கே வைத்து வெல்டிங் வைப்பீர்கள் என்று கேட்கத் தெரியவில்லை. தயவு செய்து வயரை எடுக்கும் முன்னால் அதைக் கேளுங்கள். வீட்டுக்குள்ளா, மாடியிலா, கடல் பக்கமா. கேட்டுவிட்டு, அப்புறம் டீக்கும் உட்காருங்கள்.

மறுநாள் காலை காற்று கிளம்பும் முன்பே போனேன், பொடி வயரோடு. அதற்கு மெஷினுக்குள்ளே பிளஸ் மைனஸ் முனைகளை மாற்றி மாட்ட வேண்டும், அதை மறந்தால் அதுவும் மேலாகத்தான் ஒட்டும். பழைய ஜாயிண்டையெல்லாம் அறுத்துத் தள்ளி, பெயிண்டைச் சுரண்டி, சேவியரும் நானும் மாற்றி மாற்றி வைத்தோம். ஒவ்வொன்றையும் ஆறவிட்டுச் சுத்தியலால் ஓங்கி அடித்தோம். எதுவும் விடவில்லை. திரும்பவும் நீலப் பெயிண்ட் அடித்து, மூன்றாம் நாள் டேங்கை ஏற்றிவைத்தோம்.

அடுத்த தண்ணி லாரி வந்த அன்றைக்கும் போயிருந்தேன், தண்ணி ஏற்றுகிற நேரத்தில் அமலா வந்தார். சாய்ப்பில் அவர் மெஷின் இருந்த இடத்தைக் காட்டினார். “நீ அங்க குந்துண்ணா. நா மோட்டார் போடுறேன்.”

சேவியர் ஏதோ சொல்ல வந்தார். அமலா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

நான் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் வேலையின்மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது, ஒவ்வொரு ஜாயிண்டையும் அடித்துப் பார்த்தவன் நான். இருந்தாலும் தலைக்கு மேலே ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணி ஏறுகிற சத்தம் முதலில் மழை மாதிரி இருந்தது, ஏற ஏற அடங்கிக்கொண்டே வந்தது. அடங்குகிறது என்றால் கனம் கூடுகிறது என்று அர்த்தம். தெரிந்த ஜபமெல்லாம் சொன்னேன், பாதியில் மறந்து திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். கடைசியில் டேங்க் நிறைந்து வழிந்து ஷீட்டின்மேல் தண்ணி சொட்டியபோது, சட்டை முழுக்க நனைந்திருந்தது. மேலேயிருந்து ஒரு சொட்டும் என்மேல் விழவில்லை. அத்தனையும் வேர்வை.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். நீல ஸ்டாண்ட் அப்படியே நிற்கிறது, துளி துரு இல்லை. நான்கு வருஷமாக ஒரு டன் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. சாய்ப்பில் பழைய சைக்கிளும் காலிக் குடங்களும் கிடந்தன. தையல் மெஷின் மூன்றும் வீட்டுக்குள், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. முழங்கை இடிக்க இடிக்க மூன்று பேரும் தைத்துக்கொண்டிருந்தார்கள். அமலா எனக்கு டீ கொடுத்தார், என் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தார். நான் சாய்ப்பைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

“ஸ்டாண்டு நல்லாத்தான் கீதுண்ணா,” என்றார். “நாங்க இங்கியே குந்திக்கிறோம்.”